கதவு திரும்பும் நேரம்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க. எனக்கு எங்க உக்காந்தாலும் சரி, இந்த பஸ் கோயமுத்தூர் போய்ச் சேர்ந்தாப் போதும். நீங்களும் அங்கதானுங்களா? நல்லதுங்க.

தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. "லிஃப்ட் சரி பண்ணிட்டாங்கல்ல, அப்புறம் என்ன, அம்மாவ அதுலயே கூட்டிட்டுப் போ"ன்னு சொன்னீங்க. வந்த ஆளு எதைச் சரி பண்ணினான்னு கேட்டீங்களா? கேக்கல. உங்களைக் குத்தம் சொல்லலீங்க, யாருமே கேக்கறதில்ல. பட்டனை அமுக்கறோம், கதவு மூடுது, போறோம். ஒரு நாள் ஏதாவது ஆகிப்போச்சுன்னா மட்டும், இதுக்குக் கணக்குப் போட்டவன் எவன், கூப்பிடு அவனைன்னு வந்துருவாங்க.

அந்தக் கணக்குப் போட்டவன் நான்தானுங்க.

பேரு வெள்ளிங்கிரி. லிஃப்ட் செய்யற கம்பெனில இருபத்தாறு வருசம். கம்பெனி பேரு வேண்டாம், சோறு போடற இடம். இப்ப ஈரோட்டுல ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுத்தான் வர்றேன். உடம்புக்கு ஒண்ணுமில்ல. அங்க ஒரு அம்மா இருக்காங்க, அவங்களைப் பாத்து நடந்தது என்னன்னு நேர்ல விளக்கிட்டு வரலாம்னு போனேன். லீவு போட்டுட்டுப் போனேங்க. நல்லதுக்குன்னு போய், இப்படி மனசு கெட்டுத் திரும்பி வர்றேன்.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும். அவிநாசி வர்றதுக்குள்ள சொல்லிருவேன்.

லிஃப்டை ஓட்டறதுக்குன்னு ஒரு கண்ட்ரோல் பெட்டி இருக்குங்க, அதுக்குள்ள நகத்தளவுல ஒரு சிப்பு. அந்த ஒத்தைச் சிப்புதான் எல்லா வேலையும் பாக்கணும். எங்க லிஃப்டுல பதினாலு வேலை. கதவுக்கு நடுவுல கை கால் இருக்கான்னு பாக்கறது, வேகம் பாக்கறது, எந்த மாடில யாரு பட்டன் அமுக்கினாங்கன்னு பாக்கறது, நம்பர் காட்டறது, எங்க ஆபீசுக்குத் தகவல் அனுப்பறது, அப்புறம் "மூன்றாம் தளம்"னு ஒரு பொண்ணு குரல் பேசுமே, அது. இப்படிப் பதினாலு. ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதான் செய்ய முடியும். அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரேங்க். கதவைப் பாக்கற வேலை முதல் ரேங்க். குரல் கடைசி, பதினாலாவது. கதவு வேலை வந்துச்சுன்னா மத்தவன் எவனா இருந்தாலும் கையில இருக்கறதை அப்படியே வெச்சுட்டு ஒதுங்கிக்கணும்.

என் வேலை என்னன்னா, இந்தப் பதினாலும் அதது கெடுவுக்குள்ள முடியும்னு காகிதத்துல நிரூபிக்கறது. கதவுக்குக் கெடு அம்பது மில்லி செகண்ட். ஒரு நொடிய இருபது பங்கு போட்டா அதுல ஒரு பங்கு. கை தட்டுப்பட்டா அதுக்குள்ள, மூடற கதவு திறக்கற பக்கமாத் திரும்பியாகணும். சாதாரணமாத் திரும்புது, பெரும்பாலும் திரும்புதுங்கற பேச்செல்லாம் எங்கிட்ட ஆகாது. சராசரிங்கறது எங்க தொழில்ல கெட்ட வார்த்தைங்க. பதினாலு வேலையும் ஒரே சமயத்துல வந்து தலைல விழுந்தாலும், ஒவ்வொண்ணும் அதிகபட்ச நேரம் எடுத்துக்கிட்டாலும், அப்பவும் கதவு கெடுவுக்குள்ள திரும்புமா? அதைத்தான் பாக்கணும். முப்பத்திரண்டு பக்கம் போட்டேன். கதவுக்கு வந்த விடை ஆறு மில்லி செகண்ட். கெடு அம்பது, விடை ஆறு! இன்னைக்கும் எவன் வேணா வந்து அந்த முப்பத்திரண்டு பக்கத்துல ஒரு கூட்டல் தப்பு கண்டுபிடிக்கட்டும். முடியாது.

இந்த ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தப்ப, குரல் இங்கிலீஷ்ல இருந்துச்சு. அவங்க தமிழ்ல வேணும்னாங்க. நியாயந்தானே, வர்றவங்க எல்லாம் சுத்துப்பட்டு ஊர்க்காரங்க. புதுசா ஒரு பொண்ணைப் பேச வெச்சுப் பதிஞ்சாங்க. அது சிப்புக்குள்ள அடங்கல, பெருசாப் போச்சு. சரின்னு ஒரு மெமரி கார்டுல போட்டு வெச்சாங்க. ப்ரோகிராம் எழுதறவங்க எனக்கு ஒரு தாள் அனுப்பினாங்க. குரல் வேலையில் மாற்றம், நேரக் கணக்கில் பாதிப்பு உண்டா, அவ்வளவுதான் அதுல இருந்துச்சு. நான் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.

எவ்வளவு நேரம் பாத்தீங்கன்னு பின்னால விசாரணைல கேட்டாங்க. என்னங்க கேள்வி இது? டீ ஆறதுக்குள்ள போட்டிருப்பேன். பின்ன? பதினாலாவது ரேங்க்ல இருக்கறவன் என்ன கூத்து ஆடினாலும் முதல் ரேங்க்ல இருக்கறவனுக்கு என்ன ஆகப்போகுது? நீங்களா இருந்தாலும் இல்லைன்னுதான் போட்டிருப்பீங்க.

ஆனி மாசம் லிஃப்ட் ஓட ஆரம்பிச்சுது. ஆடி முடியறப்ப நாச்சிமுத்துகிட்ட இருந்து முதல் போன்.

நாச்சிமுத்து அந்த ஏரியாவுக்கு சர்வீஸ் மெக்கானிக். ஐ.டி.ஐ. படிச்சவரு, நாப்பது வயசு இருக்கும். நல்ல மனுசன்தான், இல்லைன்னு சொல்லல. கிரீஸ் டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டே போன் பேசுவாரு, பாதி வார்த்தை காத்துல போயிரும்.

"சாருங்க, குரல் பேசறப்ப கதவு லேட்டாத் திரும்புதுங்க"ன்னாரு.

"அது முடியாது நாச்சிமுத்து"ன்னேன்.

"இல்லீங் சார், பாத்தேனுங்க. எப்பவும் இல்ல. என்னைக்காவது."

"கதவு முதல் ரேங்க், குரல் கடைசி. முடியாதுன்னா முடியாது. சென்சார் அழுக்கா இருக்கும், துடைச்சு விடுங்க."

துடைச்சாரு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி போன். சென்சாரை மாத்துங்கன்னேன். மாத்தினாரு. மறுபடி போன். புதுசும் கோளாறா இருக்கும், இன்னொண்ணு மாத்துங்கன்னேன். அதையும் மாத்தினாரு. நாலாவது தரம் கூப்பிட்டுச் சொல்றாரு: "சார், ஒரு குச்சிய நீட்டி நீட்டி இருநூறு தரம் பாத்தேனுங்க. மூணு தரம் லேட்டு. மூணு தரமும் குரல் பேசிட்டிருந்துச்சு. ஆபீசுக்குத் தகவல் போற பச்சை லைட்டும் அப்பத்தான் மினுக்குச்சுங்க."

இருநூறுல மூணு. குச்சி. பச்சை லைட்டு. நான் என்னன்னு சொல்றது? முப்பத்திரண்டு பக்கம் நிரூபிச்சு வெச்சிருக்கறதை ஒரு மனுசன் குச்சிய வெச்சு இல்லைங்கறாரு. அப்பவும் நான் பொறுமையாத்தான் பேசினேன். "நாச்சிமுத்து, உங்க குச்சி சென்சாரை விட்டு விலகியிருக்கும். உங்க கண்ணுக்கு மில்லி செகண்ட் தெரியாது"ன்னேன்.

"தெரியாதுங்க சார். ஆனா அது மில்லி செகண்ட் இல்லீங்க. நான் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணற அளவுக்கு நிக்குது"ன்னாரு.

சிரிப்பு வந்துச்சு எனக்கு. அப்பச் சிரிச்சேன், இப்ப மறைச்சு என்ன.

அஞ்சாவது தரம் கூப்பிட்டப்ப ஒண்ணு கேட்டாருங்க. அதை விசாரணைல எல்லார் முன்னாலயும் படிச்சாங்க, அதனால சொல்லிர்றேன். "சார், குரலை மட்டும் ஆஃப் பண்ணி வெச்சிரட்டுங்களா? ஒரு சுவிட்சுதானுங்களே. நீங்க பாக்கற வரைக்கும்"ன்னாரு. கூடாதுன்னேன். ஏன் கூடாதுன்னா, அங்கீகாரம் வாங்கின லிஃப்டுல மெக்கானிக் தன் இஷ்டத்துக்கு ஒண்ணை ஆஃப் பண்ணக் கூடாது. ரூல் அது. எழுத்துல இருக்கு. இன்னைக்குக் குரலை ஆஃப் பண்ணுவாங்க, நாளைக்கு வேற ஒண்ணை. ஒரு ஒழுங்கு வேணுமில்லீங்களா?

அதுக்கப்புறம் அவர் கூப்பிட்டா என் போன்ல சத்தம் வராத மாதிரி வெச்சேன். ப்ளாக் பண்ணலீங்க, அது மரியாதை இல்ல. சத்தம் மட்டும் வராது. ஏன்னா எனக்கு அப்ப தலைக்கு மேல வேலை. புரட்டாசியில பெங்களூருல ஒரு கருத்தரங்கு. இந்தியா பூராவும் இருந்து வர்றாங்க. அதுல பேசறதுக்கு எங்க கம்பெனில இருந்து என்னைத்தான் கூப்பிட்டிருந்தாங்க. இருபத்தாறு வருசத்துல முதல் தரம். என்ன தலைப்புன்னு நினைக்கறீங்க? இதே கதவுக் கணக்குதான். படம் எல்லாம் போட்டு, கலர் கலராக் கோடு இழுத்து, ராவும் பகலுமாத் தயார் பண்ணிட்டு இருந்தேன். அந்த நேரத்துல வந்து குச்சி, பச்சை லைட்டுன்னா?

பெங்களூருல நான் மேடை ஏறினது பதினோரு மணிக்கு. நல்லாப் பேசினேங்க. பெருமைக்குச் சொல்லல. முதல் வரிசையில இருந்த ஒரு புரொபசர் எழுந்து கை குடுத்தாரு. கேள்வி நேரத்துல ஒரு பையன் எழுந்து, "சார், கீழ் ரேங்க் வேலையும் மேல் ரேங்க் வேலையும் எதையாவது பொதுவா வெச்சுக்கிட்டா என்ன பண்ணுவீங்க"ன்னு கேட்டான். "எங்க டிசைன்ல பொதுவா எதுவும் இல்லை"ன்னேன். கை தட்டினாங்க. கீழ இறங்கிப் போனைப் பாத்தா நாச்சிமுத்து மூணு தரம் கூப்பிட்டிருந்தாரு. விஜயகௌரி மேடம் ஒம்பது தரம்.

மேடம் எங்க டிபார்ட்மெண்ட் ஹெட். அதிர்ந்து பேசத் தெரியாதவங்க. எடுத்த உடனே, "ஒரு அம்மாவுக்குக் கை ஒடிஞ்சிருச்சு வெள்ளிங்கிரி"ன்னாங்க.

அந்த அம்மா பேரு பாவாயி. ஆஸ்பத்திரில துணி மாத்தற வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாத்தையும் ஒரு தள்ளுவண்டில போட்டு மாடி மாடியாக் கொண்டு போறது. அன்னைக்கு மூணாவது மாடில வண்டிய வெளிய தள்றப்ப முன்சக்கரம் லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற இடுக்குல மாட்டிக்கிச்சு. குனிஞ்சு சக்கரத்தைத் தூக்கி விட்டிருக்காங்க. கதவு வந்திருக்கு. வந்தா என்ன, கை தட்டுப்பட்டாத் திரும்பிப் போகணும். திரும்பல. குரல் பேசிட்டிருந்துச்சாம். கதவுக்கும் வண்டிக் கம்பிக்கும் நடுவுல மணிக்கட்டு. திரும்பினப்ப எலும்பு ரெண்டு இடத்துல விட்டுப் போச்சு. வலது கை.

மனுசன்தானுங்களே நானும். பெங்களூருல மதியச் சாப்பாடு கூடச் சாப்பிடல. ஆனா அப்பவும் சொன்னேன், "மேடம், அது மெக்கானிக்கல் கோளாறா இருக்கும், கணக்குல இல்லை"ன்னு. ஏன்னா கணக்குல இல்லை.

நாலு நாள் கழிச்சு எங்க ஃபேக்டரில லிஃப்டைச் சோதிக்கற டவர்ல அந்தச் சிப்புப் பெட்டிய மாட்டினாங்க. நாச்சிமுத்துவை வரச் சொல்லியிருந்தாங்க. சட்டையெல்லாம் அயர்ன் பண்ணிப் போட்டுட்டு வந்திருந்தாரு. எனக்கு வணக்கம் வெச்சாரு. நானும் வெச்சேன். "குரலைப் பேச வைங்க, அதே நேரத்துல ஆபீசுக்குத் தகவல் போக வைங்க, அப்பக் கைக்குப் பதிலா இந்தக் கட்டையை நீட்டுங்க"ன்னு அவர் சொல்லச் சொல்ல, ப்ரோகிராம்காரங்க செஞ்சாங்க. நூறு தரம், ஒண்ணும் ஆகல. நான் மேடத்தைப் பாத்தேன். நூத்தம்பது. ஒண்ணும் ஆகல. "நான்தான் சொன்னனே"ன்னு வாயைத் திறந்தேன் பாருங்க, நூத்தி எழுபத்தி மூணாவது தரம் கதவு அந்தக் கட்டையை அழுத்திப் புடிச்சுக்கிட்டு நின்னுருச்சு. ஸ்கிரீன்ல அளவு வந்துச்சு. தொள்ளாயிரத்துப் பத்து மில்லி செகண்ட்.

என்ன ஆச்சுன்னு பத்து நிமிசத்துல தெரிஞ்சுது. அந்த மெமரி கார்டுங்க. கதவு எப்பத் திறந்துச்சு, எப்ப மூடுச்சுன்னு ஒரு பதிவு எழுதி வெக்கணும், கதவு வேலை அதையும் அந்தக் கார்டுலதான் எழுதுது. குரலும் அதே கார்டுல. ரெண்டு பேரு ஒரே நேரத்துல கார்டைத் தொட்டா எழுத்து கெட்டுப் போயிரும். அதனால ஒரு சாவி மாதிரி வெச்சிருக்காங்க. சாவி யார்கிட்ட இருக்கோ அவன் மட்டுந்தான் கார்டைத் தொடலாம். இப்பக் குரல் சாவிய எடுத்துட்டு உள்ள போயிருக்கு. பாதில ஆபீசுக்குத் தகவல் அனுப்பற வேலை வருது. அது ஏழாவது ரேங்க். பதினாலாவதைத் தள்ளி நில்லுன்னு சொல்லிட்டுத் தன் பாட்டுக்கு முக்கா நொடி, ஒரு நொடின்னு ஓடுது. குரல் சாவியோட ஓரமா நிக்குது. அப்பத்தான் கதவு வேலை வருது. முதல் ரேங்க்! வந்து, எழுதிட்டுத் திரும்பலாம்னா சாவி இல்ல. நிக்குது. சாவி வெச்சிருக்கறவனுக்கு வேலை செய்ய வழி இல்ல. வழிய அடைச்சுட்டு நிக்கறவனுக்கு அவசரம் இல்ல. முதல் ரேங்க்காரன் கையைக் கட்டிட்டு நிக்கறான்.

புரியுதுங்களா? புரியும், உங்களுக்குப் புரியும். நாச்சிமுத்துவுக்குப் புரிஞ்சிருச்சே. "அப்பக் குரலு, பச்சை லைட்டு, கதவு, மூணும் சேர்ந்தாத்தானுங்க வரும்"ன்னாரு. அதுதான் அவரு மொதல்லயே சொன்னாருங்கறாங்க எல்லாரும். சொன்னாரு. ஆனா காரணம் சொன்னாரா? சாவியப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரா? லைட்டு மினுக்குச்சுன்னா அது ஒரு தகவலுங்களா?

இதுல எனக்கு வயிறு எரியறது எது தெரியுங்களா? இதுக்கு மருந்து ஒரே ஒரு வரி. சாவி வெச்சிருக்கறவன் எவ்வளவு கீழ் ரேங்க்கா இருந்தாலும், மேல் ரேங்க்காரன் வாசல்ல காத்திருந்தா, வேலை முடியற வரைக்கும் இவனுக்கும் அந்த மேல் ரேங்க்கையே குடுத்துரணும். அப்ப நடுவுல ஒருத்தன் வந்து தள்ள முடியாது. சட்டுன்னு முடிச்சுச் சாவியக் குடுத்துருவான். பதினஞ்சு வருசமாப் புதுசா வர்ற இன்ஜினியருங்களுக்கு இதை நான்தானுங்க பாடம் எடுக்கறேன். போர்டுல படம் போட்டு, சாவி வரைஞ்சு. நான் எடுக்கற மூணாவது பாடம் இது. நான் தெரியாதவன் இல்லீங்க! கார்டு பொதுன்னு எனக்கு யாரும் சொல்லல. அந்தத் தாள்ல குரல் மாற்றம்னு இருந்துச்சு. பொதுக் கார்டுன்னு இருந்துச்சா?

பின்னால ஒரு இணைப்பு இருந்துச்சு, அதுல இருந்துச்சுங்கறாங்க. ரெண்டாவது பக்கத்துல. இருந்திருக்கலாம்.

விசாரணைல மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "நாச்சிமுத்து மொத்தம் எத்தனை தரம் கூப்பிட்டார்?"

"கணக்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல மேடம்"ன்னேன்.

"பதினோரு தரம்"னாங்க. "அன்னைக்குக் காலைல மூணு தரம். எதுக்குக் கூப்பிட்டார்னு தெரியுமா? லிஃப்டை நிறுத்தி வெக்கட்டுமான்னு கேக்க. இன்ஜினியர் சொல்லாம ஆஸ்பத்திரி லிஃப்டை நிறுத்தக் கூடாதுன்னு நம்ம ரூல் இருக்கறதால."

நாச்சிமுத்து கீழ குனிஞ்சு உக்காந்திருந்தாரு. அவரைத்தான் திட்டற மாதிரி. எனக்கு அதைப் பாக்கவே பிடிக்கல. ஒரு வார்த்தை எனக்காகப் பேசியிருக்கலாமில்லீங்களா? சார் வேலையா இருந்தாருன்னு சொல்லியிருக்கலாம்.

இப்ப என்ன தெரியுங்களா? என்னை மேனுவல் பாக்கற பிரிவுல போட்டுட்டாங்க. லிஃப்டை எப்படித் துடைக்கணும், எப்படி எண்ணெய் போடணும்னு எழுதியிருக்கறதுல எழுத்துப் பிழை பாக்கறேன். அந்த ஒரு வரியப் போட்டு எல்லா ஊர் லிஃப்டையும் சரி பண்ணிட்டாங்க. நாச்சிமுத்து ஃபேக்டரிக்கே வந்துட்டாரு, டெஸ்டிங்ல. புதுசா ஒரு ரூல் வேற: வெளிய இருந்து மெக்கானிக் ஒரு புகார் சொன்னா, அதை நேர்ல போய்ப் பாக்காம எவனும் நேரக் கணக்குல கையெழுத்துப் போடக் கூடாது. ஆபீஸ்ல அதுக்கு என்ன பேரு வெச்சிருக்காங்கன்னா, நாச்சிமுத்து ரூல். முப்பத்திரண்டு பக்கம் போட்டவன் பேர்ல ஒரு ரூல் இல்லீங்க.

சரி, அது போகட்டும். இன்னைக்குக் காலைல நடந்ததைச் சொல்றேன்.

மனசு கேக்கலீங்க எனக்கு. அந்த அம்மாவை நான் பாத்ததே இல்ல. கம்பெனி சார்பா யார் யாரோ போய்ப் பாத்துட்டு வந்தாங்க. எல்லாரும் என்ன சொல்லியிருப்பாங்க? கணக்குப் போட்டவர் தப்பாப் போட்டுட்டாருன்னுதான் சொல்லியிருப்பாங்க. அந்த அம்மா மனசுல நான் எப்படி இருப்பேன்? அதனால அந்த முப்பத்திரண்டு பக்கத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு எடுத்துட்டுப் போனேன். சாத்துக்குடியும் வாங்கிட்டுப் போனேன்.

வேலைக்குத் திரும்பி ஒரு மாசம் ஆச்சாம். தரைத்தளத்துல துணி மடிக்கற ரூம்ல இருந்தாங்க. அம்பது வயசு இருக்கும், ஒல்லியா இருந்தாங்க. கட்டு அவிழ்த்துட்டாங்க, ஆனா மணிக்கட்டு நேரா இல்லீங்க. கொஞ்சம் கோணி இருந்துச்சு. யாருன்னு சொன்னேன். உடனே எழுந்து நாற்காலிய முந்தானைல துடைச்சு, "உக்காருங் சார்"ன்னாங்க. சண்டை போடுவாங்கன்னு நினைச்சுப் போயிருந்தேன். சண்டையே போட்டிருக்கலாம்.

அரை மணி நேரம் சொன்னேன். உங்களுக்குச் சொன்னதை விடப் பொறுமையா. பதினாலு வேலை, ரேங்க், சாவி, எல்லாம். ஃபைலைத் திறந்து கோடு கோடாக் காட்டினேன். அவங்க கேட்டுட்டே துணி மடிச்சுட்டு இருந்தாங்க, இடது கையால. வலது கை, மேல வெச்சு அழுத்திப் புடிக்கறதுக்கு மட்டும். கடைசில, "ஆக, என் கணக்குல தப்பு இல்லீங்கம்மா, எனக்கு வந்த தகவல்லதான் தப்பு. இப்ப அதையும் சரி பண்ணியாச்சு"ன்னேன்.

"அப்ப இனி அந்தக் கதவு அப்படிப் பண்ணாதுங்களா?"ன்னாங்க.

"பண்ணாது."

"நெசமாத்தானுங்களா?"

"நூத்துக்கு நூறு. நானே உக்காந்து மறுபடி போட்டுப் பாத்தேன். என்னை யாரும் போடச் சொல்லல, ஆனாப் போட்டேன். சாவிக்குக் காத்திருக்கறதையும் சேர்த்து ஏழு மில்லி செகண்ட்."

அப்புறம் மடிச்சதை எல்லாம் ஒரு போர்வைல மூட்டையாக் கட்டிட்டு, "வாங் சார்"ன்னு கூட்டிட்டுப் போனாங்க. லிஃப்டு முன்னால நின்னோம். நான் பட்டனை அமுக்கினேன். வந்துச்சு, திறந்துச்சு. அந்தப் பொண்ணு குரல் "தரைத்தளம்"னு பேச ஆரம்பிச்சுது. பாவாயம்மா உள்ள போகல. மூட்டைய இடுப்புல வெச்சுக்கிட்டு என்னைப் பாத்து, "நீங்க கைய வைங் சார். பாத்துட்டு நான் ஏறிக்கறேன்"ன்னாங்க.

நக்கல் இல்லீங்க. முகத்துல நக்கலே இல்ல. நெசமாவே கேட்டாங்க.

கதவு மூட ஆரம்பிச்சுது. நான் கைய நீட்டினேங்க. நீட்டினேன், பொய் சொல்லல. ஏழு மில்லி செகண்ட்னு எனக்குத் தெரியும். உலகத்துல எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு அந்தக் கதவைப் பத்தி யாருக்கும் தெரியாது. ஆனாக் கதவு கிட்ட வந்தப்ப என் கை அது பாட்டுக்குப் பின்னால வந்துருச்சு. உடனே அக்குள்ல இருந்த ஃபைலை எடுத்து நீட்டினேன். கதவு ஃபைலைத் தொட்ட மாத்திரத்துல திரும்பிருச்சு. சுத்தமா. சத்தமே இல்லாம.

"பாத்தீங்களா!"ன்னேன்.

பாத்தாங்க. ஃபைலைப் பாக்கல, என் கையைப் பாத்தாங்க. அப்புறம், "பரவால்லீங்க சார்"னு சொல்லிட்டு மூட்டையோட படிக்கட்டுப் பக்கம் போயிட்டாங்க.

சோதனைன்னா ஒரு பொருளை வெச்சுத்தான் செய்யணும், உடம்பை வெச்சுச் செய்யக் கூடாது. அது சர்வதேச விதிங்க. அதைச் சொல்லத்தான் பின்னாலயே போனேன். முதல் வளைவுல அவங்களுக்கு மூட்டை சரிஞ்சுது. கோணின கையால தாங்க முடியல. நான் ஒரு பக்கம் புடிச்சேன். வேண்டாம்னாங்க, நான் விடல. மூணு மாடி. என்னா கனங்கறீங்க அது, வெறும் துணி. நான் விதியெல்லாம் சொல்லல. மேல போய் இறக்கி வெச்சப்ப எனக்கு மூச்சு வாங்கிச்சு.

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் இப்படி ஏறுவீங்க?"ன்னு கேட்டேன்.

"எட்டு, ஒம்பது இருக்குமுங்க"ன்னாங்க. "பழகிப் போச்சுங்க. எங்கூட இருக்கற மத்த ரெண்டு பேரும் லிஃப்டுலதான் போறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. எனக்குத்தான் அந்தக் குரலு கேட்டாக் காலு தானாப் படிக்கட்டுப் பக்கம் போயிருதுங்க"ன்னாங்க.

அவ்வளவுதானுங்க. சாத்துக்குடியக் குடுத்துட்டு வந்துட்டேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன். வர்ற வழியெல்லாம் கணக்கை மறுபடி மனசுல போட்டுப் பாக்கறேன், ஏழுதான் வருது. எப்படிப் போட்டாலும் ஏழுதான் வருது.

நீங்க சொல்லுங்க. இவ்வளவு நேரம் கேட்டுட்டு வந்தீங்க, வெளியாளு, யாரு பக்கமும் இல்ல. நீங்களா இருந்தாக் கைய வெச்சிருப்பீங்களா?

ஏங்க, என்னைப் பாத்துச் சொல்லுங்க. வெச்சிருப்பீங்களா?